இணைப்பு இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை: ஐபிவி6 சோதனையில் வரும் கோளாறுகள்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமாவிடமிருந்து போன் வந்தது. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது டவுனுக்குப் பக்கத்தில் தாமான் வீட்டில் இருக்கிறார்.

"மாப்ளே, வைஃபை நல்லாத்தான் இருக்கு. கோடெல்லாம் முழுசாக் காட்டுது. பாப்பா பயிற்சித் தாள் எடுக்குற பக்கம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. உன் அத்தை பாட்டுக் கேக்குறா, அது ஓடுது. இது ஓடல."

"எப்போலேர்ந்து மாமா?"

"நீ வந்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து."

அவர் சொன்னது சரி. இரண்டு நாளுக்கு முன் நான்தான் அந்த வீட்டு ரௌட்டரில் ஐபிவி6-ஐ, அதாவது இணைய முகவரிகளுக்கான புது நெறிமுறையை, போட்டுவிட்டு வந்திருந்தேன். டவுனில் எனக்குக் கணினிக் கடை இருக்கிறது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே போடுவதற்கு முன் ஒரு வீட்டு இணைப்பில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மாமாவிடம் கேட்டேன், அவரும் சரியென்றார்.

ரௌட்டரில் ஐபிவி6-ஐ எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் உடனே வருகிறது. போட்டால் சுற்றுகிறது. இந்த இடத்தில் பலரும் 'ஐபிவி6 சரியில்லை, எடுத்துவிடு' என்று முடித்துவிடுவார்கள். எடுத்தால் வேலை நடக்கும், உண்மைதான். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். அடுத்த வீட்டில் போட்டால் அங்கேயும் அதுவே வரும். ஒரு புது நெறிமுறையைச் சோதிக்கும்போது வரும் இணைப்புத் தொல்லைகள் எப்படிப்பட்டவை, ஏன் ஒரு பக்கம் திறந்து இன்னொரு பக்கம் திறக்காமல் போகிறது என்பதை மாமா வீட்டுக் கதையை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் நெறிமுறை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் குரல் கொடுக்க வேண்டும், செக்ரோலில் பதிவார்கள், அப்புறம்தான் வேலை பிரிப்பார்கள். யார் முதலில் பேச வேண்டும், என்ன பதில் வர வேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதற்கும் அப்படி ஓர் ஒழுங்கு வேண்டும், அதைத்தான் நெறிமுறை என்கிறோம். இணையத்தில் இதுபோல் பல அடுக்குகள் உண்டு. அதில் ஐபி என்ற அடுக்கின் வேலை மிகச் சின்னது: அனுப்ப வேண்டியதைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, மேலே முகவரி எழுதி, வழியில் உள்ள ரௌட்டர்களிடம் கொடுத்துவிடுவது. போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. அதை டிசிபி போன்ற மேல் அடுக்குகள் பார்த்துக்கொள்ளும்.

இன்று நாம் பழகியிருக்கும் ஐபிவி4-இன் வரையறை 1981-இல் எழுதப்பட்டது. அதில் முகவரிக்கு 32 பிட் இடம். கணக்குப் போட்டால் சுமார் 430 கோடி முகவரிகள் வரும். அந்தக் காலத்தில் அது ஏராளம். லயத்தில் பத்து வீடு கட்டிப் பத்து எண் கொடுத்த மாதிரி. அப்புறம் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, பின்பக்கம் கொட்டகை இறக்கி, ஒரே எண்ணில் மூன்று குடும்பம் இருக்கத் தொடங்கிய மாதிரி இங்கேயும் ஆனது. இப்போது வீட்டுக்குள் உள்ள பத்துப் பதினைந்து கருவிகளும் வெளியே ஒரே முகவரியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி ஐபிவி4 தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பிரித்துக் கொடுக்கப்பட்டு முடிந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான ஏப்னிக் அமைப்பு தன்னுடைய கடைசித் தொகுதிக்கு வந்து, அளந்து கொடுக்கத் தொடங்கியது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஐபிவி6. இதில் முகவரிக்கு 128 பிட். மொத்த முகவரிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும். இடப் பிரச்சினை இனி இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது: ஐபிவி6 என்பது ஐபிவி4-ஐ நீட்டிக் கட்டிய கூடுதல் அறை இல்லை. தனி வீடு. ஐபிவி4 மட்டும் தெரிந்த கணினியும் ஐபிவி6 மட்டும் தெரிந்த கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது.

1983 ஜனவரி 1-ஆம் தேதி அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு என்சிபி என்ற பழைய நெறிமுறையை விட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. நாள் குறித்து மாறினார்கள், முடிந்தது. அப்போது அதில் இருந்தவை சில நூறு கணினிகள்தான். இன்று அப்படி ஒரே நாளில் மாற வழியே கிடையாது. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுகிறார்கள். உங்கள் மடிக்கணினிக்கு ஒரே நேரத்தில் ஐபிவி4 முகவரியும் இருக்கும், ஐபிவி6 முகவரியும் இருக்கும். இதை இரட்டை அடுக்கு என்பார்கள். தோட்டத்துக்குள் பழைய செம்மண் பாதையும் இருக்கிறது, புதுத் தார்ச்சாலையும் இருக்கிறது, இரண்டும் டவுனுக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாதையில் போவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? உங்கள் கணினிதான். ஒரு தளத்தின் பெயரை நீங்கள் தட்டியதும், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிடம் அது இரண்டு கேள்வி கேட்கும். பழைய முகவரி இருக்கிறதா, புது முகவரி இருக்கிறதா. இரண்டும் கிடைத்தால் வழக்கமாகப் புதுப் பாதையைத்தான் முதலில் பார்க்கும்.

இங்கேதான் சோதனையின் முதல் பாடம் இருக்கிறது. புதுப் பாதை அறவே இல்லையென்றால் தொல்லை இல்லை, கணினி பேசாமல் பழைய பாதையில் போய்விடும். புதுப் பாதையில் ஒரு ரௌட்டர் நின்றுகொண்டு 'இந்தப் பக்கம் வழி இல்லை' என்று சொல்லிவிட்டாலும் தொல்லை இல்லை, உடனே திரும்பிவிடும். பாதை இருப்பது போல் தெரிந்து, போன பொட்டலம் சத்தமில்லாமல் காணாமல் போனால்தான் கஷ்டம். பதில் வரும் வரும் என்று கணினி காத்திருக்கும். ஒரு காலத்து விண்டோஸ் முதல் முறை தட்டிவிட்டு 3 வினாடி காத்திருக்கும், மறுபடி தட்டிவிட்டு 6 வினாடி, மூன்றாவது முறை 12 வினாடி. ஆக மொத்தம் 21 வினாடிக்குப் பிறகுதான் பழைய பாதையை நினைத்துப் பார்க்கும். அப்போதைய லினக்ஸ் இதே கணக்கில் 189 வினாடி வரைக்கும் நிற்கும். ஒரு பக்கத்துக்காக மூன்று நிமிடம் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பாதி வேலை செய்யும் இணைப்பு, அறவே வேலை செய்யாத இணைப்பைவிட மோசமானது. இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் நான் உறுதியாக நம்பும் விஷயம் இது.

பெரிய நிறுவனங்களும் இதற்குத்தான் பயந்தன. ஒரு தளம் தன்னுடைய ஐபிவி6 முகவரியை டிஎன்எஸ்ஸில் போட்டால், ஏற்கெனவே பாதை கெட்டுப்போயிருக்கும் சில வீடுகளில் அந்தத் தளம் மட்டும் திறக்காது. வீட்டுக்காரர் தன் வீட்டில் கோளாறு என்று நினைக்க மாட்டார், தளம்தான் கெட்டுவிட்டது என்று வேறு தளத்துக்குப் போய்விடுவார். அதனால் யாரும் முதலில் போடத் துணியவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போடுவது என்று முடிவானது. 2011 ஜூன் 8, உலக ஐபிவி6 தினம். இன்டர்நெட் சொசைட்டி ஒருங்கிணைத்தது. கூகுள், ஃபேஸ்புக், யாஹூ உட்படப் பல தளங்கள் 24 மணி நேரத்துக்குத் தங்கள் முதன்மைத் தளத்தையே புதுப் பாதையிலும் திறந்துவிட்டன. நம் மலேசிய நேரப்படி காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணி வரைக்கும். நூற்றுக்கு 99.95 பேருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்று கூகுள் முன்கூட்டியே சொல்லியிருந்தது. மீதி 0.05 என்பது கேட்க ரொம்பச் சின்ன எண். பத்தாயிரம் பேர் வந்து போகும் இடத்தில் ஐந்து பேர். ஆனால் கோடிக்கணக்கில் ஆட்கள் வரும் தளத்துக்கு அது ஒரு முழு ஊர். அந்த நாள் பெரிய குழப்பமில்லாமல் போனது. அடுத்த ஆண்டு 2012 ஜூன் 6-இல் அதையே நிரந்தரமாகத் திறந்தார்கள்.

அந்த 0.05-க்குள் இருந்த வீடுகளில் என்னதான் கெட்டிருந்தது? இரண்டு காரணங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, சுற்று வழி. உங்கள் இணையச் சேவை ஐபிவி6 தராவிட்டாலும், ஐபிவி6 பொட்டலத்தை ஐபிவி4 பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டி அனுப்பும் வழிகள் இருந்தன. 6டு4 அதில் ஒன்று. பொதுவாக வைத்திருக்கும் இடைநிலையம் ஏதோ ஒன்று உள்ளே இருப்பதைப் பிரித்து மறுபக்கம் அனுப்ப வேண்டும். போகும்போது ஓர் இடைநிலையம், வரும்போது வேறொன்று. அவற்றில் ஒன்று செத்துக்கிடந்தாலும் யாரிடம் கேட்பது என்று தெரியாது. கணினிகள் சிலவற்றில் இது தானாகவே ஓடிக்கொண்டிருந்தது, வைத்திருந்தவருக்கே தெரியாது. 2015-இல் இந்த இடைநிலைய முறையைக் கைவிடச் சொல்லி அறிவித்துவிட்டார்கள். நல்லது.

இன்னொன்று இன்றைக்கும் நடக்கும், பள்ளிகளில் கட்டாயம் கவனிக்க வேண்டியது. ஐபிவி6-இல் ரௌட்டர் அவ்வப்போது 'நான்தான் இந்த வீட்டு வாசல், வெளியே போக வேண்டியவர்கள் என் வழியாகப் போங்கள்' என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். கேட்ட கருவிகள் அதை அப்படியே நம்பிவிடும். நான் பார்த்துக்கொள்ளும் கணினி அறையிலேயே ஒரு பழைய மடிக்கணினி, இணையத்தைப் பகிரும் வசதி எப்போதோ போடப்பட்டு அப்படியே மறக்கப்பட்டது, வலையில் செருகியதும் தானும் ஒரு ரௌட்டர் என்று அறிவிக்கத் தொடங்கியது. மற்றக் கணினிகளில் பாதி அதன் பின்னால் போய்விட்டன. வழி தெரியாத ஒருவர் முச்சந்தியில் நின்றுகொண்டு நல்ல எண்ணத்தோடு எல்லோரையும் காட்டுப் பக்கம் திருப்பிவிட்ட மாதிரி. பாதிக் கணினிகளில் இணையம் இருக்கிறது, பாதியில் இல்லை. ஒரு பிற்பகல் முழுக்க கேபிள் கேபிளாகக் கழற்றிப் பார்த்த பிறகுதான் ஆளைப் பிடித்தோம். கணினிகளின் கேபிள்களையெல்லாம் சேர்க்கும் சுவிட்ச் பெட்டி கொஞ்சம் நல்லது என்றால், ரௌட்டர் இருக்கும் துளையிலிருந்து வரும் அறிவிப்பை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் ஆர்ஏ கார்ட் என்ற வசதி அதில் இருக்கும். இருந்தால் போட்டுவிடுங்கள்.

காத்திருக்கும் பிரச்சினைக்கும் ஒரு தீர்வு வந்தது. 2012-இல் ஹாப்பி ஐபால்ஸ் என்ற முறையை வகுத்தார்கள், 2017-இல் திருத்தினார்கள். கணினி புதுப் பாதையில் ஓர் ஆளை அனுப்பும், கால் வினாடிக்குள் பதில் வராவிட்டால் முதல் ஆள் திரும்பி வரட்டும் என்று நிற்காமல் பழைய பாதையிலும் ஓர் ஆளை அனுப்பிவிடும். யார் முதலில் போய்ச் சேர்கிறாரோ அவர் வழியே மீதி வேலை. பார்ப்பவர் கண்ணுக்குத் தடங்கல் தெரியாது. நிஜமாகவே நல்ல ஏற்பாடு. ஆனால் சோதிப்பவருக்கு இதனால் ஒரு சங்கடம் வந்துவிடுகிறது. புதுப் பாதை கெட்டுக் கிடந்தாலும் பக்கம் திறந்துவிடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

சரி, அப்படியென்றால் மாமா வீட்டில் ஏன் தானாகப் பழைய பாதைக்கு மாறவில்லை? அவர் வைத்திருப்பது புது உலாவிதானே? எனக்கும் அங்கேதான் இடித்தது.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். முந்தின நாள் நல்ல இடி மழை. எங்கள் பக்கம் இடி இடித்தாலே முதலில் மோடத்தைச் சந்தேகப்பட வேண்டும், அதனால் அதைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அடுப்படியில் அத்தை முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். மாமா சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டை விரித்து வைத்தார். கிராணிக் கையெழுத்து, ரூல் போட்ட கட்டங்கள். தேதி, நேரம், எந்தப் பக்கம், போனிலா மடிக்கணினியிலா, திறந்ததா இல்லையா. மூன்று நாள் பதிவு. இணையக் கோளாறு என்று என்னிடம் வருகிறவர்களில் இப்படி எழுதி வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அதைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. திறக்காத பக்கங்கள் எப்போதுமே திறக்கவில்லை, திறக்கும் பக்கங்கள் எப்போதும் திறந்தன. போனிலும் அப்படித்தான், மடிக்கணினியிலும் அப்படித்தான். விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் சிக்னலையோ கேபிளையோ சந்தேகப்படலாம். இது அப்படி இல்லை.

மடிக்கணினியில் முகவரியைப் பார்த்தேன். ஐபிவி6 முகவரி 2 அல்லது 3 என்ற எண்ணில் தொடங்கினால் அது வெளியுலகத்துக்குச் செல்லும் முகவரி. எஃப்இ80 என்று தொடங்கினால் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, அது எப்போதும் இருக்கும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யக் கூடாது. இங்கே 2-இல் தொடங்கியது இருந்தது. ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளைக்குப் பிங் என்று பெயர். ரௌட்டருக்கு ஐபிவி6 பிங் போட்டேன், பதில் வந்தது. வெளியே ஒரு முகவரிக்கு எண்ணாகவே கொடுத்துப் பிங் போட்டேன், வந்தது. பெயராகக் கொடுத்தேன், அதுவும் வந்தது. அதனால் டிஎன்எஸ்ஸும் சரி, பாதையும் சரி. கடைசியாகத் திறக்காத அந்தப் பயிற்சித் தாள் தளத்துக்கே பிங் போட்டேன். அங்கிருந்தும் பதில் வருகிறது! பிங்குக்குப் பதில் சொல்கிற தளம் உலாவியில் மட்டும் திறக்கவில்லை.

இப்படி வந்தால் பொட்டலத்தின் அளவைப் பார்க்க வேண்டும். சாதாரணப் பிங் ரொம்பச் சின்னப் பொட்டலம். உலாவிக்கு வரும் பக்கம் பெரிய பெரிய பொட்டலமாக வரும். பிங் கட்டளையில் எத்தனை பைட் அனுப்ப வேண்டும் என்று நாமே சொல்லலாம். 1000 போட்டேன், பதில் வந்தது. 1400, வந்தது. 1440, வந்தது. 1444, வந்தது. 1445 போட்டேன், பதில் இல்லை. மறுபடியும் போட்டேன், இல்லை. ஒரே ஒரு பைட் கூடியதற்கு. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஒண்ணு கூடினா ஏறலியா?" என்றார்.

"ஆமா மாமா, பாலம் தாங்கல."

நாங்கள் இருவரும் பார்த்து வளர்ந்த விஷயம்தான். தோட்டத்து ஓடைக்கு மேலே ஒரு பழைய பாலம். மோட்டார்சைக்கிள் போகும், சின்ன வேன் போகும். செம்பனைக் குலை ஏற்றிய பெரிய லாரி போகாது. இணையத்தில் வீட்டுக்குள் உள்ள ஈதர்நெட் பாதையில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரைக்கும் இருக்கலாம். ஆனால் பல ஃபைபர் இணைப்புகள் பிபிபிஓஇ என்ற முறையில் உள்நுழைகின்றன. அது தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும். மீதி 1492. இப்போது கணக்குப் பாருங்கள். நான் பிங்கில் போட்டது 1444. அதன்மேல் முகவரிச் சீட்டு மாதிரி முன்னால் ஒட்டும் தலைப்புகள் உண்டு: பிங்கின் தலைப்பு 8 பைட், ஐபிவி6-இன் தலைப்பு 40. கூட்டினால் மிகச்சரியாக 1492. அதற்கு மேல் ஒரு பைட்டுக்கும் அந்தப் பாலத்தில் இடமில்லை.

பழைய ஐபிவி4-இல் வழியில் உள்ள ரௌட்டரே பெரிய பொட்டலத்தைத் துண்டாக்கி அனுப்ப அனுமதி உண்டு. ஐபிவி6-இல் அந்த அனுமதி கிடையாது. பாலத்தடியில் நிற்கும் ரௌட்டர் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு 'பொட்டலம் பெரிது, 1492-க்குள் கட்டி அனுப்பு' என்று ஒரு சேதி அனுப்ப வேண்டும். அனுப்பியவர் அதைப் படித்துவிட்டுச் சிறிதாகக் கட்டி அனுப்புவார். ரௌட்டர்களுக்கு வேலை குறைகிறது, அழகான யோசனைதான். ஆனால் அந்தச் சேதி போய்ச் சேர வேண்டுமே. அது போவது ஐசிஎம்பிவி6 என்ற துணை நெறிமுறையில். ஐபிவி4 காலத்தில் ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று மொத்தமாக அடைத்து வைக்கும் பழக்கம் பல பாதுகாப்புச் சுவர்களில் இருந்தது. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், சேதி கொண்டுபோன ஆளை ஆலை வாசலில் காவல்காரர் திருப்பி அனுப்பிவிடுகிறார். வேறு சில பெரிய தளங்களில் ஒரே முகவரிக்குப் பின்னால் நிறைய கணினிகள் இருக்கும், சேதி அவற்றில் தவறான ஒன்றுக்குப் போய்விடும். எது நடந்தாலும் விளைவு ஒன்றுதான். லாரி மறுபடி மறுபடி அதே பாரத்தோடு வந்து, மறுபடி மறுபடி காணாமல் போகிறது. இதற்குக் கருந்துளை என்றே பெயர்.

ஹாப்பி ஐபால்ஸ் ஏன் காப்பாற்றவில்லை என்பதும் இப்போது புரியும். பந்தயம் முதல் அறிமுகத்துக்கு மட்டும்தான். இரண்டு கணினிகள் முதலில் பேசிக்கொள்ளும் பொட்டலங்கள் நூறு பைட்கூட இருக்காது, மோட்டார்சைக்கிள் மாதிரி. அவை பாலத்தைச் சுலபமாகக் கடந்துவிடும். புதுப் பாதை ஜெயித்துவிட்டது என்று உலாவி முடிவு செய்து, பழைய பாதையை விட்டுவிடும். அதற்கு அப்புறம்தான் தளம் தன்னுடைய பாதுகாப்புச் சான்றிதழை அனுப்பும், அது முதல் லாரி. அங்கேயே நின்றுவிடும். முகவரிப் பட்டையில் தளத்தின் பெயர் இருக்கும், மேலே வட்டம் சுற்றும், பக்கம் மட்டும் வெள்ளையாகவே இருக்கும். பாப்பா மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அப்படியென்றால் எடுத்துவிட்டபோது, அதாவது ஐபிவி4-இல் மட்டும், அதே தளம் எப்படித் திறந்தது? பாலம் ஒன்றுதானே? வீட்டு ரௌட்டர்கள் பல வருடமாக ஐபிவி4-க்கு ஒரு கைவேலை செய்து வருகின்றன. இணைப்புத் தொடங்கும்போதே 'எனக்கு இந்த அளவுக்கு மேல் அனுப்பாதே' என்று எழுதியிருக்கும் எண்ணைப் பிடித்து, பாலத்துக்கு ஏற்றபடி குறைத்துவிடும். எம்எஸ்எஸ் கிளாம்ப் என்பார்கள். அதனால் பெரிய லாரி கிளம்புவதே இல்லை. இந்த ரௌட்டர் ஐபிவி4-க்கு அதைச் செய்தது, ஐபிவி6-க்குச் செய்யவில்லை. பழைய பாதையில் இருந்த ஒட்டுவேலை புதுப் பாதையில் இல்லை, அவ்வளவுதான். ஐபிவி6-இன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சரிசெய்வது ஐந்து நிமிட வேலையாக இருந்தது. ரௌட்டர் தன்னை அறிவிக்கும்போது, கருவிகள் எந்த அளவுக்குள் பேச வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லலாம். அமைப்புப் பக்கத்தில் அந்த இடம் 1500 என்று இருந்தது. முதலில் 1280 போட்டேன். ஐபிவி6 ஓடும் எந்தப் பாதையும் குறைந்தது 1280 பைட்டைத் தாங்கியே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் 1280-இல் பக்கம் திறந்தால் கோளாறு அளவில்தான் என்று உறுதியாகிவிடும், திறக்காவிட்டால் வேறு எங்கோ தேட வேண்டும். வைஃபையைத் துண்டித்துச் சேர்த்ததும் பக்கம் வந்துவிட்டது. அப்புறம் 1492-க்கு ஏற்றினேன், அப்போதும் வந்தது. எல்லா ரௌட்டரிலும் இந்த இடம் இருக்காது. இல்லாவிட்டால் அதன் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள், அதுவும் இல்லாவிட்டால் அந்த ஒரு வீட்டில் ஐபிவி6-ஐத் தற்காலிகமாக எடுத்துவைப்பதில் தப்பில்லை. காரணம் தெரிந்து எடுக்கிறோம்.

புதிதாகச் சோதிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தப் பாதையில் திறக்கிறது என்று பாருங்கள். டெஸ்ட்-ஐபிவி6.காம் என்ற தளம் இரண்டு பாதைகளையும் தனித்தனியே சோதித்துப் பத்துக்கு மதிப்பெண் போடும், பெரிய பொட்டலம் போகிறதா என்பதையும் அதில் பார்ப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: ஐபிவி6-இல் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலக முகவரி கிடைக்கும். ரௌட்டரின் பாதுகாப்புச் சுவர் ஐபிவி6-க்கும் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பள்ளியிலோ வீட்டிலோ திறக்காதீர்கள். அதே சுவரில் ஐசிஎம்பிவி6-ஐ முழுசாக அடைத்தும் வைக்காதீர்கள்.

வேறு புது நெறிமுறைகளைச் சோதிக்கும்போதும் இதே சாயல்தான். 2021-இல் தரமாக்கப்பட்ட குயிக் என்ற நெறிமுறையும் பக்கங்களைக் கொண்டுவரத்தான், ஆனால் டிசிபி வழியாகப் போகாமல் யுடிபி என்ற இன்னொரு அடுக்கு வழியாகப் போகிறது. சில அலுவலகச் சுவர்கள் யுடிபியை அடைத்து வைத்திருக்கும். உலாவி சத்தம் போடாமல் பழைய வழிக்கு இறங்கிவிடும், சோதிப்பவர் குயிக்கில் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஐபிவி6-க்கென்றே ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். நம் பிள்ளைகளில் யாருக்காவது இதில் ஆர்வம் வந்தால் படிப்பதற்கு இடம் பக்கத்திலேயே உண்டு என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் அதற்குள் பயிற்சித் தாள்களை இறக்கிக்கொண்டிருந்தாள்.

மாமா நோட்டில் புதுக் கட்டம் போட்டார். தேதி, நேரம், பக்கத்தின் பெயர், 'திறந்தது' என்று எழுதி, பக்கத்தில் 1492 என்று எழுதிக் கோடு இழுத்தார். கிளம்பும்போது அத்தை ஒரு டின் முறுக்கைக் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை பள்ளிக் கணினி அறைக்குப் போனபோது முதல் வேலையாக அந்த நோட்டு மாதிரியே ஒரு நோட்டை வாங்கி, கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன்.